நெஞ்சில் கட்டிய கை

தொழுகையில் நிற்கும்போது ஆண்பிள்ளை கையைத் தொப்புளுக்குக் கீழே கட்டுவான், பெண்பிள்ளை நெஞ்சின் மேல் கட்டுவாள். காரிமங்கலத்தில் அவர்கள் தெருவில் ஏழு வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. எழுபத்து நாலாம் வருஷம், புரட்டாசியில் வந்த ரம்ஜானின் முதல் நோன்பன்று, பகல் தொழுகைக்கு நின்ற அக்தர் பேகம், பக்கத்தில் வந்து நின்ற தன் புருஷன் அப்துல் சுபானை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் கை நெஞ்சின் மேல் இருந்தது.

தொழும்போது கண் அலையக் கூடாதுதான். எப்படி அலையாமல் இருக்கும்? எட்டு மாதம் பெங்களூர் மனநோய் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுப் பன்னிரண்டு நாள் முன்புதான் வீடு வந்த மனிதன். வந்ததிலிருந்து சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தவன். அவள் கை கால் முகம் கழுவும்போது தண்ணீர்த் தொட்டியருகே தானாக வந்து நின்று அவனும் கழுவினான், அவள் பாய் விரித்ததும் யாரும் கூப்பிடாமல் வந்து நின்றான். கை ஒரு சாண் மேலே ஏறிவிட்டால் குடியா முழுகிவிடும்? மறந்திருப்பான். படைத்தவனுக்கு அவன் பட்ட பாடு தெரியாதா?

நெற்றியைத் தரையில் வைக்கும் சஜ்தாவுக்கு அவள் குனிந்தபோது அவனும் குனிந்தான். பெண்கள் செய்கிற மாதிரியே உடம்பை ஒடுக்கி, முழங்கைகளைத் தரையோடு படுக்க வைத்திருந்தான். அதையும் அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, நெற்றி பாயில் பட்ட அந்த நிமிஷத்தில் சந்தோஷம் தாங்காமல் அழுதாள்.

பிள்ளை இல்லை அவர்களுக்கு. மாரண்டஹள்ளியில் பிறந்த வீடு இருந்தது என்று பேர், அங்கே அவளுக்காக உலையில் ஒரு பிடி கூடுதலாகப் போட ஆள் இல்லை. தகரத்தில் டிரங்குப் பெட்டி செய்கிற சுபான்தான் அவளுக்கு எல்லாம். முன்னறைதான் பட்டறை. அவன் தட்டுகிற சத்தத்தை வைத்தே தெருவில் மணி சொல்வார்கள். போன தை மாதம் ஒரு நாள் அந்தச் சத்தம் பாதியில் நின்றது. அவள் எட்டிப் பார்த்தபோது ஓங்கிய சுத்தியலோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். சாயந்திரம் வரை கையை இறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆண்கள் பகுதியில் பெண்கள் தங்க முடியாது. எட்டு மாதத்தில் இரண்டே தடவை, கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று அவனைப் பார்த்தாள். வீட்டுக்கு அனுப்பியபோது கூடவே செவிலி சென்னம்மாளையும் அனுப்பினார்கள். ஐம்பதைத் தொடும் வயது, வெள்ளைப் புடவை, வார்த்தையை அளந்து பேசுகிற பெண். பாலக்கோட்டுப் பக்கம்தான் அவளுக்கு ஊர். அக்தரை உட்காரவைத்து, சுபானின் உடம்பை எப்படிச் சோதிப்பது என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாள். விரலை நீட்டச் சொல்லி மேலே ஒரு காகிதத்தைப் போடு, நடுங்குகிறதா பார். முழங்கையை மடக்கிப் பார், விறைப்பா இருக்கிறதா? கையைத் தூக்கிவிட்டு நீ விட்டுவிடு, அது கீழே இறங்குகிறதா, அந்தரத்திலேயே நிற்கிறதா? இப்படி ஏழு கேள்வி. வாரம் ஒரு தாள். வியாழக்கிழமை தோறும் பார்த்து, ஆமாம் இல்லை என்று எழுதித் தபாலில் போட வேண்டும்.

ஏழாவது கேள்விக்குச் சென்னம்மாள் அவனுக்கு எதிரே உட்கார்ந்து தன் தலையைப் பரபரவென்று சொறிந்தாள். அவன் சும்மா இருந்தான். அக்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எதுக்குங்க இது?"

"இப்பக் கேக்காத. காரணம் தெரிஞ்சா நீ அதையே தேடுவ. சொன்னதச் செய்யி, பாத்தத எழுது. ரெண்டு கேள்விக்கு ஆமாம்னு வந்தா ஒரு நாளும் வெச்சிருக்காத. அன்னிக்கே பஸ் ஏத்திக் கூட்டிக்கினு வந்துடு. இந்தச் சீக்குல ஆளு நல்லா இருக்கற மாதிரியே இருக்கும். சோறு தண்ணி உள்ள போறது நின்னுடும். அப்புறம் நாளுக் கணக்கில்ல, மணிக் கணக்குதான்."

அக்தர் தலையாட்டினாள். நல்ல எண்ணத்தோடுதான் ஆட்டினாள்.

ஆனால் முதல் வியாழக்கிழமையே கை நின்றுவிட்டது. தூக்கிவிட்ட வலது கை, தோளுக்கு நேராக, அந்தரத்தில். அறுபது வரை எண்ணினாள். பிறகு அவளே அதை மெல்லப் பிடித்து மடியில் இறக்கி வைத்தாள், தூங்குகிற குழந்தையின் கையை நகர்த்துகிற மாதிரி. பென்சிலை எடுத்தாள். கம்பி வலை கண் முன்னே வந்தது. 'இல்லை' என்று எழுதினாள். இரண்டாவது வாரமும் அதையே எழுதினாள். ஏழாவது கேள்வியை அவள் செய்து பார்க்கவே இல்லை. கட்டின புருஷன் முன்னால் உட்கார்ந்து குரங்கு மாதிரி தலையைச் சொறிவதா? சீ! அதற்கும் 'இல்லை' போட்டு உறையை ஒட்டினாள்.

அதற்கு அடுத்த சனிக்கிழமைதான் முதல் நோன்பு, அந்த நெஞ்சில் கட்டிய கை.

அன்றிலிருந்து வீட்டில் வெளிச்சம் வந்த மாதிரி இருந்தது. அதுவரை ஊட்டினால்தான் விழுங்குவான். இப்போது விடியுமுன் நோன்புச் சோற்றுக்கு எதிரெதிரே உட்கார்ந்தால் அவன் தானே கையை நீட்டிப் பிசைந்தான், தானே வாயில் வைத்தான், தானே மென்றான். அவள் ஊட்டுவதை நிறுத்தினாள். சாப்பிட்டபின் அவள் வாய் கொப்பளித்தால் அவனும் வந்து நின்று கொப்பளித்தான். அவள் போர்வையை உதறினால் மறுமுனையைப் பிடித்து உதறினான். இருவருமாய் மடித்து நடுவில் வந்து சேரும்போது விரல்கள் தொட்டுக்கொள்ளும், கல்யாணமான புதிதில் நடந்த மாதிரி. அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

சாயந்திரம் பள்ளிவாசலிலிருந்து கஞ்சித் தூக்கோடு வந்த மைத்துனன் அப்துல் ரஷீத், அண்ணன் பேரீச்சம்பழம் எடுத்து நோன்பு திறப்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டான்.

"பாபி, தெருவே இதத்தான் பேசுது. எட்டு மாசம் ஊசி மருந்து பண்ணாதத ஒரு நோம்பு பண்ணிடுச்சே!"

"கண்ணு வெக்காதீங்க தம்பி."

"பெருநாள் ஆவட்டும், பட்டறையில உக்கார வெச்சிரலாம். அண்ணன் கை வெச்சா தகரம் சொன்ன பேச்சுக் கேக்கும்."

ரஷீத் சிரித்தான். அவளும் சிரித்தாள். அவள் சிரித்ததும் சுபான் சிரித்தான். ஆனால் ரஷீத் சிரித்து முடித்து, அவளும் முடித்து, ரஷீத் தூக்கை எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்பிய பிறகும் சுபானின் பற்கள் தெரிந்துகொண்டே இருந்தன. இருட்டில் அவள் விளக்கைத் தூண்டிவிட்டுத் திரும்பியபோதுதான் உதடுகள் மெல்ல மூடின.

சந்தோஷத்தில் இருப்பவளுக்கு வெளுத்ததெல்லாம் பால்தானே. தொட்டி ஓரத்துச் சாக்கடையில் மென்ற சோறு கிடந்ததைப் பார்த்தாள், காக்காயைத் திட்டினாள். தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேல் முட்டியதைப் பார்த்தாள், நோன்பில் எல்லாரும்தான் இளைக்கிறோம் என்றாள். அவன் உதடு வெடித்திருந்தது, தன் உதட்டையும் தடவிப் பார்த்துச் சமாதானமானாள்.

நாலாம் நோன்பன்று மாலை அவளால் அடக்க முடியவில்லை. அவன் எதிரே உட்கார்ந்து மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினாள். "நீங்க இல்லாத எட்டு மாசம் நான் மனுசியாவே இல்லீங்க. உங்க சட்டையப் போத்திக்கினுதான் படுத்தேன். தொவைக்கவே இல்ல, வாசன போயிடும்னு. தெரியுமா உங்களுக்கு, தெரியுமா?" முந்தானையால் முகத்தை மூடி அழுதாள். நிமிர்ந்தபோது அவன் தோள் துண்டால் முகத்தை மூடியிருந்தான். தோள்கள் குலுங்கின.

"தெரியுமா," என்றான் துண்டுக்குள்ளிருந்து.

ஒன்பது மாதத்தில் அவன் பேசிய முதல் வார்த்தை. அவன் பட்டது அவளுக்குத் தெரியுமா என்று கேட்கிறான் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். காலைப் பிடித்துக்கொண்டு, "தெரியும் ராஜா, தெரியும்," என்றாள். அன்றிரவு அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஆறாம் நோன்பு வியாழக்கிழமை. காலையிலிருந்தே வானம் மூடிக்கிடந்தது. பகல் தொழுகைக்கு நேரமானபோது தூறல் தொடங்கிக் கூரைத் தகடுகளில் பொரி வறுபடுகிற சத்தம் கேட்டது. தெரு முழுக்க நோன்பு மயக்கத்தில் படுத்துவிட்டது. ஈரமண் வாசனையோடு பட்டறையில் கேட்பாரற்றுக் கிடந்த தகரங்களின் துருவாடையும் சேர்ந்து உள்ளே வந்தது. அக்தருக்கு ஓர் ஆசை. முறைப்படி புருஷன் முன்னால் நின்று தொழவைக்க, பெண்சாதி பின்னால் நின்று தொழ வேண்டும். இத்தனை நாள் பக்கத்தில் நின்றது போதும், இன்றைக்கு அவன் முன்னால் நிற்கட்டும்.

"நீங்க முன்ன நில்லுங்க," என்று அவனை மேற்கு முகமாக நிறுத்திவிட்டு, இரண்டடி பின்னால் தன் பாயை விரித்தாள்.

தலையில் முக்காடு போட்டு நிமிர்ந்தாள்.

அவன் திரும்பி நின்றிருந்தான்.

மேற்குக்கு முதுகைக் காட்டி, அவளைப் பார்த்து. தோள் துண்டு தலையில் முக்காடாகக் கிடந்தது. கை நெஞ்சின் மேல்.

"அந்தப் பக்கங்க," என்றாள் சன்னமாக. அவன் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. அவள் கிட்டே போய்த் தோளைப் பிடித்துத் திருப்பினாள், மரப்பெட்டியைத் திருப்புகிற கனம். தன் இடத்துக்கு வந்தாள். அவனும் வந்துவிட்டான், முகத்துக்கு முகம். அவள் பயத்தோடேயே தொழத் தொடங்கினாள், நிறுத்தத் தெரியாமல். அவள் ஓதுகிறபோது அவன் உதடு அசைந்தது. அவள் குனிந்தாள், அவன் குனிந்தான், இரண்டு தலைகளும் ஏறக்குறைய முட்டின. முடிவில் சலாம் சொல்ல அவள் வலப்பக்கம் முகத்தைத் திருப்பினாள். அவன் முகமும் அதே சுவர்ப் பக்கம் திரும்பியது. கண் மட்டும் திரும்பவில்லை. கண் அவள் மேலேயே இருந்தது.

இதுவரை அவன் அல்லாஹ்வைத் தொழவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாயைச் சுருட்டவில்லை. அலமாரியிலிருந்து மூன்றாவது தாளை எடுத்தாள். ஏழாவது கேள்வி. சென்னம்மாள் எழுதிய நீலமை எழுத்து. 'எதிரே உட்கார்ந்து உன் தலையைச் சொறி. அவர் ஏதாவது செய்கிறாரா?'

எதிரே உட்கார்ந்தாள். வேண்டாம், தெரிந்துகொள்ள வேண்டாம், தாளில் இல்லை என்று போட்டுவிடலாம், பெருநாள் வரைக்கும், பெருநாள் வரைக்குமாவது. யா அல்லாஹ், இவன் சும்மா உட்கார்ந்திருக்கட்டும்.

தலையைச் சொறிந்தாள்.

ஒரு மூச்சு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பே வந்துவிடும் போலிருந்தது.

பிறகு அவன் கை மேலே போனது. துண்டுக்கு மேலே பரபரவென்று சொறிந்தான்.

அவள் காதைத் தொட்டாள். அவன் காதைத் தொட்டான். நாக்கை நீட்டினாள். நாக்கு வந்தது, வெள்ளையாய், காய்ந்து, நுனியில் பிளந்து. கையை இறக்கினாள். அவன் இறக்கினான். ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் தாமதமாக.

போர்வை. கொப்பளிப்பு. சிரிப்பு. தோள் குலுங்கிய அழுகை. தெரியுமா. எல்லாமே அவளுடையது. ஐயோ, எல்லாமே அவளுடையது. வீடு வந்த புருஷன் என்று ஆறு நாளாய் யாரோடு குடித்தனம் நடத்தினாள்? தன்னோடேயே. உள்ளே இருந்த மனிதனுக்கு என்ன ஆனது என்று அவள் ஒரு தடவை கேட்டாளா? பார்த்ததை எழுது என்றாளே அந்தம்மா. பார்த்ததை எழுதினாளா?

சோறு.

மெல்லுவது கண்ணுக்குத் தெரியும். விழுங்குவது தெரியாது. தெரியாததை அவன் எப்படிச் செய்வான்?

"வாயத் தொறங்க," என்றாள். தன் வாயைத் திறந்து காட்டினாள். அவன் திறந்தான். புளித்த வாடை முகத்தில் அடித்தது. விரலை விட்டுக் கன்னத்துக்குள் தடவினாள். விடியற்காலைச் சோறு அங்கேயே இருந்தது. ஈறோடு அப்பி, கட்டியாய். அதில் பாதி கரைந்த மாத்திரை. அதற்கும் அடியில் கறுப்பாய் ஏதோ. பேரீச்சம்பழத் தோல். நேற்றையது. இல்லை, முந்தாநாளா?

ஆறு நாள். அவளே நிறுத்தினாள் ஊட்டுவதை.

செம்பில் தண்ணீர் மொண்டாள். நோன்பாவது ஒன்றாவது! அவன் கண் பார்க்கத் தான் குடித்தாள். தொண்டையில் விரல் வைத்து, "இப்புடி. இத பாருங்க. உள்ள போவுது பாருங்க. இப்புடி," என்றாள். செம்பை அவன் வாயில் வைத்தாள். அவன் தொண்டையில் விரல் வைத்துக்கொண்டான். தண்ணீர் வாய் நிறைந்து, இரண்டு கடைவாயிலும் வழிந்து, சட்டையை நனைத்தது. தொண்டை அசையவில்லை. மறுபடி ஊற்றினாள். மறுபடி வழிந்தது.

"முழுங்குங்க! உங்களுக்குப் புண்ணியமா போவுது, முழுங்குங்க!"

"முழுங்குங்க," என்றான். காற்று மட்டும்.

"ரஷீத்! தம்பீ! யாராச்சும் வாங்களேன்!" வாசலைப் பார்த்துக் கத்தினாள். மழை வலுத்துவிட்டிருந்தது. கூரைத் தகடு முழுக்க ஒரே இரைச்சல். தன் குரலே தன் காதுக்கு எட்டவில்லை. எழுந்து ஓடலாம். ரஷீத் வீடு தெருக்கோடி. தருமபுரி பஸ் நாலு மணிக்கு. ஓடலாம். ஆனால் அவள் எழுந்து நின்றதும் அவன் எழுந்திருக்கவில்லை. ஆறு நாளில் முதல் தடவையாக. தொண்டையில் விரலை வைத்தபடி, வழிகிற தண்ணீரோடு, கீழிருந்து அவளைப் பார்த்தான். அவள் கால் பக்கமாக மெல்லச் சாய்ந்தான். உட்கார்ந்த கோலம் கலையாமல், மடக்கிய முழங்கால் மடக்கியபடி, பாயில் பக்கவாட்டில் சரிந்து கிடந்தான்.

அவள் அவன் எதிரே படுத்தாள். மூக்கோடு மூக்கு. உள்ளங்கையை அவன் மூக்கருகே வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. அவள் இரைப்புதான் கேட்டது. மழை. இரைப்பு. மழை. அவன் மூச்சு எங்கே? கேட்கவில்லையே. தன் சத்தத்தில் கேட்கவில்லை போலும்.

அவன் மூச்சைக் கேட்பதற்காக அவள் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அசையாமல் கிடந்தாள். உதட்டை இறுக்கி மூடி, கண்ணைக் கண்ணில் வைத்து, காதைத் தீட்டிக்கொண்டு. பத்து எண்ணினாள். இருபது. மழை ஒரு வீச்சு ஓய்ந்தது. கூரை விளிம்பில் சொட்டுகிற சொட்டுக்கூடக் கேட்டது. அவன் மூச்சு கேட்கவில்லை.

அவன் உதடுகள் மூடியிருந்தன. இறுக்கமாக.

அவள் மூடியிருந்த மாதிரி.

அவளுக்குப் புரிந்தது. வாயைப் பிளந்து மூச்சை விட்டாள். சத்தம் வர இழுத்தாள். விட்டாள். "இப்புடி. என்னையப் பாருங்க. விடுங்க. நான் விட்டுட்டேன், பாருங்க, விட்டுட்டேன்." நெஞ்சு தூக்கித் தூக்கி விழ அவன் முகத்துக்கு நேரே இழுத்தாள், விட்டாள், இழுத்தாள், விட்டாள்.

கண்ணை எடுக்காமல் அவன் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு மூடியே இருந்தது.